நிறுத்தியும் நிற்காத எஞ்சின்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, பனமலை ஏரிக்கரையில் எங்கள் டீசல் வண்டியின் எஞ்சின் திடீரென அலறத் தொடங்கியது. என் மகன் அந்தோணி வண்டியை ஓரங்கட்டி, டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தான். அது நிற்காமல் இன்னும் வேகமெடுத்தது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அன்று காலைதான் செஞ்சியில் புது ஏர் பில்டர் மாட்டியிருந்தோம். கம்பெனிச் சாமான் கிடைக்கவில்லை. கடையில் காகித பில்டர் ஒன்றும், அடியில் எண்ணெய்க் கிண்ணம் உள்ளது ஒன்றும் இருந்தன. எங்கள் ஊர் தொண்டூர்ப் புழுதிக்கு எண்ணெய்தான் சரி என்று தேர்ந்தெடுத்தவன் நான். நிறைய இருந்தால் தூசி நன்றாக ஒட்டுமே என்று, கிண்ணத்தின் அடையாளத்தையும் தாண்டி விளிம்புவரை ஊற்றியவனும் நான்தான்.

"எறங்கு நைனா!" என்று அந்தோணி கத்தினான். குதித்துவிட்டேன். வண்டியைப் புகை மூடியது. அவன் மட்டும் உள்ளே இருந்தான். நான் அவனைக் கூப்பிட்டது இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. பிறகு வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது.

இப்போதெல்லாம் அடையாளத்துக்கு மேல் ஒரு சொட்டு நின்றாலும் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

அன்று அந்தோணி இருமிக்கொண்டே புகையிலிருந்து வந்தான்.

"கியரப் போட்டு, பிரேக்க மிதிச்சி எஞ்சின அமுக்கி நிறுத்திட்டேன். டீசல நிறுத்துனா இன்னா, பில்டர்ல நீ ஊத்துன எண்ணெயக் காத்தோட சேத்துக் குடிச்சிட்டு ஓடுது! உனக்கு அடி கிடி படலியே, நைனா?"