சவேரியம்மாள் அடுப்பு மூட்டாத காலை

அரியலூர் விவசாய டிப்போவின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. ஏலாக்குறிச்சி பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து சொன்னார்: "சார், சத்துணவு சவேரியம்மா தவறிட்டாங்களாம். புள்ளைங்களுக்குச் சோறு போட்டுட்டு வூட்டுக்குப் போய்ப் படுத்தவங்க, எந்திரிக்கவே இல்லையாம்."

பூட்டை இழுத்துப் பார்த்தேன். இந்த ஆண்டு கேட்ட சாவுச் செய்திகளே போதும் என்றிருந்தது. அழுகைகூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

சத்துணவுக் கூடத்தில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்கு, அவர் ஒரு விமானிக்குச் சமைத்தவர் என்பது தெரிந்திருக்காது. தெரிந்தவர்களோ அதை அவர் மீது ஒரு குற்றமாகவே வைத்திருந்தார்கள். இரு தரப்பாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. குன்னம் பக்கத்து மானாவாரிப் பருத்தியில் காய்ப்புழு தாறுமாறாக விழுந்திருந்தது. மேலிருந்து மருந்தடிக்க ஒரு தனியார் கம்பெனியின் சின்ன விமானம் வந்தது. தரிசு ஒன்றை மட்டம் தட்டி அதில் இறக்கினார்கள். யாருடைய பருத்திக் காட்டுக்கு எந்த நாள் என்று முறை வைப்பது, விவசாய இலாகாவில் ஃபீல்டுமேனாக இருந்த என் வேலை. விமானிக்குச் சமைக்க, அரியலூரில் கன்னியாஸ்திரிகளின் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்த சவேரியம்மாளைக் கம்பெனி மேனேஜர் அழைத்து வந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. குன்னத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் பருத்தி போட்டிருந்த தம்பி சின்னப்பன் வீட்டில் தங்கிக்கொண்டார்.

விமானி கேப்டன் ராஜன் விமானப்படையில் இருந்துவிட்டு வந்த மெட்ராஸ்காரர். முதல் நாள் காலை சவேரியம்மாள் அக்கா பொங்கலும் சின்ன வெங்காயச் சாம்பாருமாகக் கொண்டுபோய் வைத்தார். கேப்டன் தட்டை மெல்ல நகர்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பறக்கிறதுக்கு முன்னாடி பருப்பு, வெங்காயம் சாப்பிட மாட்டேன். வயித்துல வாயு சேரும், உயரத்துல அது ஊதிக்கும். ரெண்டு அவிச்ச முட்டை, ரொட்டி, டீ போதும். ஆனா வெறும் வயித்தோட ஏறவே மாட்டேன்."

"பனமரத்து உசரத்துல போறதுக்கா சார் இம்புட்டுப் பத்தியம்?" என்றார் அக்கா.

கேப்டனுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பழகிப் போச்சும்மா. எங்க மெஸ்ஸுல ஒரு சமையல்காரர் இருந்தார். பறக்கப் போறவன் தட்டுல மிச்சம் வச்சா நேரா டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடுவார். அன்னிக்கு அவனுக்கு விமானம் கிடையாது. நாங்க அவரைத் திட்டாத திட்டு இல்ல."

அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து கேப்டன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். "தட்டு காலிங்க, போலாம்" என்று அவர் வந்து சொன்ன பிறகே விமானத்துக்கு வரிசை காட்ட வயலில் கொடி பிடிப்பவர்களுக்கு நான் ஆள் அனுப்புவேன். அதுவே முகாமின் வழக்கமாகிவிட்டது.

சில வாரங்கள் நன்றாகவே போயின. பிறகு கேப்டனின் தட்டில் மிச்சம் விழத் தொடங்கியது. ஒரு மாலை அவர் தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தார். அக்கா மேனேஜரிடம் போய்ச் சொன்னார். "வெறும் அசதிதான். நாளைக்கு ஒரு நாள் அடிச்சா இந்தப் பக்கம் முடிஞ்சிரும்" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார்.

மறுநாள் விடிந்து பார்த்தால் அடுப்பு மூட்டவில்லை. அக்கா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க டிபன்?" என்றார் மேனேஜர்.

"அடுப்பு பத்த வைக்கலங்க."

"ஏன், மண்ணெண்ணெய் இல்லையா?"

"அது இருக்குது. மனசுதான் இல்ல. அவருக்குக் கை நடுங்குது. சாப்பாட்டப் போட்டு அதுல ஏத்தி வுடறதுக்கு என்னால ஆவாதுங்க."

நான் அருகில் போய்த் தணிந்த குரலில் சொன்னேன்: "அக்கா, இன்னிக்கு முறை சின்னப்பன் காட்டுக்கு."

"தெரியும் தம்பி. நேத்தே தெரியும்."

மேனேஜர் கடையிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கி வரச் சொன்னார். கேப்டன் கட்டிலில் உட்கார்ந்தபடி அதை வெகுநேரம் பார்த்தார். பிரிக்கவில்லை. "அம்மா சமைக்கல, நான் பறக்கல" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார். முடியாது என்று தானாகச் சொல்ல அவருக்கு வழியில்லாமல் இருந்திருக்கிறது. அந்த வேலையை நம்பி அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது.

அவரை ஜீப்பில் திருச்சிக்குக் கொண்டுபோனோம். மஞ்சள் காமாலை என்றார்கள். அதுவரை எங்கள் யாருக்கும் அது தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

மாற்று விமானி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓடுபாதை சேறானது. மழை விட்டபோது சின்னப்பன் காட்டில் காய்களெல்லாம் புழு தின்று உள்ளே கூடாகியிருந்தன. அவர் முகாமுக்கு வந்து எல்லார் முன்பும் கேட்டார்:

"ரெண்டு முட்டைய அவிச்சிருந்தா என் வெள்ளாம பொழச்சிருக்கும். எவனோ ஒருத்தனுக்காக என்னைய அழிச்சிட்டியேக்கா."

அக்காவுக்கு வேலை அன்றே போயிற்று. தம்பி வீட்டில் அவருடைய பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். அவர் ஏலாக்குறிச்சிக்குப் போய்க் கூலி வேலை செய்தார், இட்லி சுட்டு விற்றார், பிறகு சத்துணவில் சேர்ந்தார். குன்னத்துக்காரர்கள் பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தம்பி அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை.

கேப்டன் குணமானார். பறப்பதை விட்டுவிட்டு மெட்ராஸில் ஏதோ கடை வைத்திருப்பதாக, திருச்சியில் சந்தித்த பழைய மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொன்னார். அதை அக்காவிடம் சொல்லச் சத்துணவுக் கூடத்துக்குப் போனேன்.

"நல்லாருக்கட்டும்" என்றார். சோற்று அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னிக்குச் சமைச்சிருந்தாலும் ஒண்ணும் ஆவாம இருந்திருக்கலாமேக்கா?"

"இருந்திருக்கலாம் தம்பி. வுழுந்தும் இருக்கலாம். அது ரெண்டையும் நான் பாக்கல. சின்னப்பன் காடு அழிஞ்சதத்தான் பாத்தேன்."

அவர் எவ்வளவு களைத்துப்போயிருந்தார் என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது. தான் செய்தது சரி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. தவறு என்றும் சொன்னதில்லை.

சாவுச் செய்தி வந்த மறுநாள் காலை அடக்கம் நடந்தது. கூட்டம் அதிகமில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலோரம் சின்னப்பன் தனியாக நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எல்லாரும் கலைந்த பிறகு வந்தார். குழிமேட்டின் அருகே குந்தி, மண்கட்டிகளைக் கையாலேயே உடைத்து நிரவத் தொடங்கினார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"அந்தப் பைலட்டு இருக்காரா?"

"இருக்கார். மெட்ராஸ்ல."

அவர் கை நின்றது. "இருக்கட்டும்" என்றார். பிறகு அடுத்த கட்டியை எடுத்து உடைத்தார்.

அக்கா, நீங்கள் இத்தனை ஆண்டுகள் காத்திருந்த குரல் அது. உங்களுக்குக் கேட்டிருக்காது. உங்களுக்குப் பதிலாக நான் கேட்டுக்கொண்டேன். தூங்குங்கள்.