பத்து நாளைக்குக் கேட்ட பூங்கா

இந்த மராட்டிய ஊரில், போபோடியில், எங்கள் பிள்ளைகளின் பூங்காவைப் பறித்தது நீங்கள்தான், அண்ணே. மாநகராட்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஆடிக் கூழ் கமிட்டித் தலைவராக உங்களை உட்கார வைத்தது நாங்கள்.

தொண்ணூறுகளில் அந்தப் பூங்காவுக்குள் பெரியவர்கள் தனியாகப் போக முடியாது. பிள்ளையோடு வந்தால்தான் காவல்காரர் விடுவார். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து நிழலில் உட்காரலாம் என்று போனேன். "முல்கீ குடே?" பொண்ணு எங்கே என்று மராத்தியில் கேட்டார். பொண்ணு வீட்டில் இருக்கிறாள் என்றேன். போய்க் கூட்டி வா என்று கேட்டைச் சாத்திவிட்டார்.

மகளுக்கு ஒரே சிரிப்பு. "அப்பா, நான் வந்தாத்தான் உனக்கு என்ட்ரி!"

எங்கள் வீடு ஒரே அறை. அவள் கால் வலிக்க ஓடியது அங்கே மட்டும்தான்.

ஒரு வருஷம் கூழ் ஊற்றச் சந்தில் இடம் போதவில்லை. பூங்காவில் பந்தல் போடுவோம், பத்து நாள்தான் என்றீர்கள். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினீர்கள். காவல்காரர் மறித்தார்.

"மதராஸின்னா இளக்காரமாய்யா? ஆத்தாவுக்கே கேட்டச் சாத்துறியா?" என்று கத்தினீர்கள். நானும் சேர்ந்து கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, பத்து நாளும் உன் பொண்ணு எங்கே விளையாடும் என்று இந்தியில் கேட்டார். கூழ் அண்டா வைக்க ஊஞ்சலைக் கழற்றியபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

ஊஞ்சல் திரும்ப வரவில்லை. மறு வருஷம் பந்தல் ஒரு மாதம் நின்றது. அப்புறம் தகரக் கொட்டகை. இரண்டாயிரம் பிறந்த சில வருஷத்தில் கல்யாண மண்டபம். ஆட்சேபம் சொல்லப் போன என்னிடம் மாநகராட்சி ஆபீசில் ஒரு தாளைக் காட்டினார்கள். பூங்காவை மண்டபத்துக்குக் கொடுக்க எங்கள் எல்லோருக்கும் சம்மதம் என்று மராத்தியில் எழுதியிருந்ததாம். குமாஸ்தா படித்துச் சொன்னார். கீழே நாங்கள் பந்தலுக்குப் போட்ட கையெழுத்து. எங்களுக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. அது உங்களுக்குத் தெரியும்.

அந்த மண்டபத்தில் முதல் கல்யாணம் உங்கள் வீட்டுக் கல்யாணம்.

என் சின்னவன் அதன் வாசலில், நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே பந்து விளையாடினான். உங்கள் ஆள் விரட்டினான். உங்களிடம் வந்து கேட்டேன்.

"என்னப்பா நீ, ஆத்தா காரியத்துக்குக் குடுத்த எடம். பசங்க எங்கனா ஆடட்டும்" என்றீர்கள்.

என் தப்பை எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. கமிட்டிக் கூட்டத்தில், பிள்ளை பெற்ற அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நில்லுங்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துதானே எங்களைக் கையெழுத்துப் போட வைத்தீர்கள்? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.