விமானத்தை இடித்த வேன்

பாண்டிச்சேரி புதுச்சேரி ஆன வருடம், ஊரோர ஓடுதளத்தில் இறங்கிய ஒரு சின்னப் பயிற்சி விமானம் சறுக்கிப் போய் வேலியில் மூக்கை நுழைத்தது. ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை. அருகில் மேய்ந்த எதிர்வீட்டு அக்காவின் கறவை மாடுதான் பழியில் மாட்டிக்கொண்டது.

"மாடு குறுக்க வந்திருக்கு. பட்டியில அடைங்க," என்றார் விசாரிக்க வந்த அதிகாரி.

"மிசியே, நீங்கதான பாத்தீங்க? சொல்லுங்களேன்!" என்று பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரரை அக்கா உலுக்கினார்.

அவருக்குப் பதற்றத்தில் பாதி பிரெஞ்சுதான் வரும். "மாடு இல்ல சார், வான்! பக்கவாட்டுல வந்து அடிச்சுது!" என்றார். பிரெஞ்சில் வான் என்றால் காற்று.

அதிகாரி 'வேன்' என்று எழுதிக்கொண்டு, "நம்பர் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

விளக்க வாயெடுத்த என் காலை அக்கா மிதித்தார்.

"நம்பர் தெரியல சார். செவப்பு வேன்," என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.