உப்பேறிய மரத்தில் ஒரு கிட்டார்

1. காயில் செத்துப்போனது

“தங்கச்சி, அது பேச மாட்டேங்குது.”

சாக்குப் பையோடு வாசலில் நின்ற சூசை அண்ணன் முகம் வாடிக் கிடந்தது. அறுபதுகளின் தொடக்கம். ராமநாதபுரத்தில் என் வீட்டிலேயே ரேடியோ டிரான்ஸ்பார்மர்களுக்குக் காயில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்ட மெக்கானிக்குகளும் எரிந்த காயில்களை என்னிடம்தான் அனுப்பினார்கள்.

சூசை அண்ணன் தங்கச்சிமடத்து ஓடாவி. படகு கட்டுகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரே மகன் அருள், கொழும்பில் ஒரு ஓட்டலில் கிட்டார் வாசித்தவன். டி.பி. முற்றி ஊர் திரும்பியிருந்தான். வரும் வழியில் கிட்டாரின் பெட்டி நொறுங்கி, கழுத்தும் கம்பிகளும்தான் மிஞ்சின. புதுப்பெட்டி செய்தாலும் பலமாக மீட்ட அவன் விரலில் தெம்பில்லை. “எலெக்ட்ரிக் கிட்டார்னா தொட்டாப் போதும் அய்யா, மிச்சத்த ரேடியோ பாத்துக்கிரும்” என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். மாதா கோயில் திருவிழாவில் ஒரே ஒரு பாட்டு வாசித்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கப்புறம் என்ன என்று அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கம்பி அதிர்வதைப் பிடித்து ரேடியோவுக்கு அனுப்புகிற காயிலுக்குப் பெயர் பிக்கப். அருள் சொல்லியனுப்பிய அளவில் அதைச் சுற்றினேன். பழைய ஹெட்போன் காந்தம், அதன் மேல் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி. கை டிரில்லை மேஜையில் இறுக்கிப் பூட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். தும்மினால் போச்சு. முடித்ததும் ரேடியோவின் பின்னால் கிராமபோன் செருகும் துளையில் இணைத்து, காயிலுக்கு மேலே ஒரு இரும்புக் கம்பியை இழுத்துப் பிடித்துத் தட்டினோம். ஸ்பீக்கர் ‘டங்’ என்று அதிர்ந்தது. சூசை அண்ணன் ரேடியோவைப் பார்த்துக் கும்பிட்டார்.

“கும்புடுறதா இருந்தா என்னையக் கும்புடுங்கண்ணே” என்றேன். மரத்தில் உடம்பைத் தானே செதுக்கிக்கொள்வதாகச் சொல்லி, காயிலை வாங்கிக்கொண்டு சிரித்தபடி ரயிலேறிப் போனவர்தான் இப்போது இப்படி நிற்கிறார்.

பையிலிருந்து கிட்டாரை எடுத்தார். அடடா, என்ன வேலைப்பாடு! படுத்தபடி வாசித்தாலும் மகனின் நெஞ்சில் உறுத்தாதபடி பின்பக்கத்தை வழித்துக் குடைந்திருந்தார். காயிலைக் கழற்றினேன். கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. மீட்டரை வைத்தேன், முள் அசையவில்லை; கம்பி எங்கோ அரித்து அறுந்திருந்தது. மரத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது.

“என்ன மரம்ணே இது?”

“படகுக்குன்னு வச்சிருந்த பலகை. உப்புத் தண்ணியில நல்லா ஊறப் போட்டது. புழு தொடாது, காலத்துக்கும் வெடிக்காது.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “இதக் கடல்ல விடவா போறீங்க? உப்பேறுன மரம் காத்துல இருக்க ஈரத்தையெல்லாம் குடிச்சுக்கிட்டே கெடக்குமே! காயில் என்னத்துக்கு ஆகும்?”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “புள்ளைக்குச் செய்யிறத மட்டமான மரத்துல எப்புடித் தங்கச்சி செய்வேன்? இருக்கதுலயே உசத்தியத்தான எடுத்தேன்.”



2. அடுப்படிக் கதவு

காயிலை மட்டும் மாற்றினால் மறுபடியும் அரிக்கும், கிட்டாரின் உடம்பையே மாற்ற வேண்டும் என்று சொன்னேன். கடற்கரையில் வேலை செய்கிற ஓடாவி உப்புப் படாத பலகைக்கு எங்கே போவார்? வீட்டு அடுப்படிக் கதவைக் கழற்றினார். பல வருஷம் புகை குடித்துக் காய்ந்த வேம்பு. அருளின் அம்மா அந்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, “ஒங்கய்யாவ விட்டா கூரையவும் பிரிச்சிருவாக” என்று மகனைச் சிரிக்க வைக்கப் பார்த்தாராம். சிரித்தால் அவனுக்கு இருமல் வந்துவிடும்.

நான் புதுக் காயிலை ஈரம் ஏறாதபடி உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தேன். எவ்வளவு பறந்தும் மரவேலை முடிவதற்குள் திருவிழா போய்விட்டது. சப்பரம் தெருவில் வந்தபோது அருள் கட்டிலில் கிடந்தபடி பேண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தானாம்.

3. சுருதி

அவர்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. பேட்டரி ரேடியோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு நானே ரயிலேறிப் போனேன். அருள் கட்டிலில் கிடந்தான். எலும்பின் மேல் தோல் போர்த்தியிருந்தது.

கிட்டாரை ரேடியோவில் இணைத்து அவன் நெஞ்சின் மேல் வைத்தோம். கம்பியை முறுக்கும் சாவியைத் திருக அவன் விரலுக்கு வலுவில்லை. அப்பாவே திருகினார். மரம் செதுக்கும் வாச்சியை ஓங்கி இறக்கிப் பழகிய கை, அன்றைக்குச் சாவியை நூலளவு நூலளவாகத் திருப்பியது.

“இன்னுங் கொஞ்சம் ஏத்துங்கய்யா... ஐயோ, கூடிருச்சு, எறக்குங்க.”

“அறுந்துறப் போவுதுடா.”

“அறாது. பயப்படாமத் திருகுங்க.”

ஒவ்வொரு கம்பியாக அவன் ஒற்றை விரலால் தொட, ரேடியோ தெருவுக்கே கேட்கும்படி ஒலித்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். கடைசியில் ஆறு கம்பிகளையும் ஒருசேர வருடினான். வீடே நிறைந்தது.

“சேந்துருச்சு” என்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “அசதியா இருக்குக்கா. பாட்ட நாளைக்கு வாசிக்கிறேன். இருந்து கேட்டுட்டுப் போங்க.”

இருந்தேன். விடிவதற்குள் ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்து அருள் போய்விட்டான். அந்தக் கிட்டாரில் ஒரு பாட்டுக்கூட வாசிக்கப்படவில்லை. சுருதி சேர்த்ததை மட்டும்தான் கேட்டோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காயில் எதற்குள் உட்காரப் போகிறது, அந்தப் பொருள் அதுவரை எங்கே கிடந்தது என்று விசாரித்த பிறகு கம்பியைத் தொடுங்கள். ஒரு வேலைக்கு உசத்தியான சரக்கு இன்னொரு வேலைக்கு விஷமாக இருக்கலாம். கொண்டு வருகிறவர் பாசத்தோடுதான் கொண்டு வருவார். அவருக்கு அது தெரியாது.

அருளை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது சூசை அண்ணன் என் பக்கத்தில் நடந்து வந்தார்.  நான் அழுதுகொண்டே நடந்தேன். அவர் கேட்டது இதுதான்:

“மொதல்லயே அந்தக் கதவக் கழத்தியிருந்தா, எம்புள்ள ஒரு பாட்டாச்சும் வாசிச்சிருப்பான்ல தங்கச்சி?”