மைக் செட்டும் தில்லி ஓட்டும்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் எல்லாக் கட்சிக்கும் வேண்டியவன். ஆனால் கூட்டத்தில் கலாட்டா என்றால் போலீஸ் முதலில் அவிழ்ப்பது அவன் ஒலிபெருக்கிக் குழாயைத்தான். இந்தத் தொழிலில் அடிபட்ட அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தேர்தல் கூட்டம்

ராயபுரத்தில் எங்கள் பார்லிமெண்ட் வேட்பாளர் பேசினார். "ஊர்வலம் போகிறவனை விசாரணை இல்லாமல் உள்ளே போடும் சட்டத்தை நீட்டிக்க வந்தால், எதிர்த்து ஓட்டுப் போடுவேன்" என்றார். ஒரே கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் குழாய் அவிழ்க்க ஒத்தாசை செய்தவன் கண்ணாயிரம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். குழாயைத் தட்டிப் பார்த்துக் கேட்டான்: "மாமு, அவரு சொன்னத இது புட்ச்சி வச்சிக்கும்ல? நாளிக்கி இல்லன்னுடப் போறாரு!"

பேப்பர் செய்தி

அவர் ஜெயித்தார். பிறகு கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போன கண்ணாயிரத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கும் இல்லை, கோர்ட்டும் இல்லை. அவன் உள்ளே இருக்கும்போதே அந்தச் சட்டத்தை நீட்டிக்கும் மசோதா தில்லிக்கு வந்தது.

அவன் மனைவி ராஜம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். என் கடை வாசலில் கூடையை இறக்கிவைத்து, பேப்பரைப் படிக்கச் சொன்னாள். மசோதா நிறைவேறிவிட்டது, நம் ஆள் ஆதரித்து ஓட்டுப் போட்டிருந்தார். எனக்குப் படிக்கவே கூச்சமாக இருந்தது. அவள் அழவில்லை. "இந்தப் பக்கம் வருவார்ல நைனா? நானே கேட்டுக்கறேன்."

திருவொற்றியூர் மாலை

படிப்பகம் திறக்க எம்.பி. வந்தார், மைக் என்னுடையது. மாலை போடப் பெண்களை வரிசையாக மேடையேற்றுவது வழக்கம். ராஜம்மாவும் ஏறினாள், மாலை போட்டாள், இறங்கவில்லை. மைக்கைப் பிடித்து, "எதுத்து ஓட்டுப் போடறேன்னு சொன்னியே, ஏன் போடல? எம் புருசன் உள்ள கீறான்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, அணை என்று கை காட்டினார். அணைத்திருந்தால் போலீஸ் தந்த என் மைக் பர்மிட் தப்பியிருக்கும். "ஆம்ப்ளிஃபயர் வால்வு சூடா இருக்கு சார், சட்டுனு அணைச்சா வெடிச்சிடும்" என்றேன். இது எப்பேர்ப்பட்ட புளுகு என்று நம் தொழில்காரர்களுக்குத் தெரியும்.

எம்.பி. குனிந்து, "கட்சி உத்தரவும்மா, நான் என்ன செய்ய?" என்றார் மெதுவாக. அதையும் குழாய் ஊருக்கே சொல்லிவிட்டது. ராஜம்மா விடவில்லை. "அப்ப ஓட்டு கேக்கவும் கட்சியே வந்துருக்கலாமே, நீ எதுக்கு எங்க தெருவுல வந்து கும்புட்ட?"

கண்ணாயிரம் வந்தான்

பர்மிட் போயிற்று. சில மாதம் ரேடியோ ரிப்பேர் பார்த்துப் பிழைத்தேன். பொங்கலுக்கு முன்னால் கண்ணாயிரத்தை விட்டார்கள். யார் சொல்லி விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. பாதி ஆளாக இளைத்திருந்தான். வீட்டுக்குப் போன கையோடு என் கடைக்கு வந்து குழாயைத் தேடினான். "எம் பொஞ்சாதி மைக்ல பேசிச்சாமே மாமு, இன்னொரு தபா போட்டுக் காட்டேன்!"

எங்கள் குழாய் எதையும் பிடித்து வைக்காதுதான். ஆனாலும் அந்தத் தேர்தல் கூட்டத்தில் சொன்னதை மறந்தவர், சொன்னவர் ஒருவர்தான்.