வெறும் தட்டின் கோடு

மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் ஞானசேகரன் மூச்சு விடுவார். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கடலூர் முதுநகரில், மின்னணு எடை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அவருடைய கடையில், சோதனையின்போது வெறும் தட்டின்மேல் காற்றுகூடப் படலாகாது. தட்டின் அடியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஆசிலாஸ்கோப் விடாமல் அளந்து, புள்ளி புள்ளியாகச் சேர்த்து, மணிக்கணக்கில் திரையில் ஒரு கோடாக வரைந்துகொண்டே போகும். நல்ல இயந்திரமானால் கோடு படுத்தே கிடக்கும்.

"தட்டுல கை வெக்காதீங்க. பேப்பர்கூட ஆவாது" என்பதே வாடிக்கையாளருக்கு அவர் சொல்லும் வணக்கம்.

"என்னைய ஒருநாளாவது இப்பிடிப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களா மாமா?" என்பாள் மனைவி கொளஞ்சி.

"நீ ஆடாம அசையாம இரு, பாக்கறேன்."

சிதம்பரத்திலிருந்து குழந்தைகளை நிறுக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. மூடிப்போன பிரசவ மனையொன்றின் சாமான்களோடு வேறொரு மருத்துவமனை வாங்கியதாம். காலை முழுதும் கோடு அசையவில்லை. உச்சிவேளை கழிந்ததும் மெல்ல ஏறிற்று. மூன்று கிலோவுக்குச் சற்றே கீழே நின்று, சிற்றலையாக நடுங்கிற்று. பிறகு, யாரோ வாரி எடுத்துக்கொண்டதுபோல் ஒரே இறக்கம். வெயில் காரணமோ என்று சன்னலை அடைத்தார். எர்த் கம்பியை மாற்றினார். எடையை உணரும் லோடுசெல்லையே புதிதாகப் பொருத்தினார். மறுநாளும் கோடு ஏறியது.

மருத்துவமனைச் செவிலி இலக்கியா வந்து நின்றாள். "ஜீரோ பட்டன அமுக்கிட்டுக் குடுங்கண்ணே. டாக்டரு திட்றாரு."

"ஏறி நிக்கறப்ப அமுக்கிட்டா, எறங்கின பொறவு வெக்கற கொழந்தைக்கு எடை கொறச்சிக் காட்டும். எடையப் பாத்துதானம்மா மருந்து ஊத்துறீங்க?"

"பேய் புடிச்ச மிஷினாண்ணே?" என்று சிரித்தாள்.

"மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது. தட்டுல எதுனா இருந்தாத்தான் கோடு ஏறும்."

சிரிப்பு நின்றது. கடையிலிருந்த தம் சொந்த இயந்திரத்தைக் கொடுத்து அவளை அனுப்பிவைத்தார். பழையதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. சோற்றுப் பாத்திரத்தோடு வந்த கொளஞ்சி திரையைக் கண்டு நின்றாள். கோடு ஏறி நடுங்கிக்கொண்டிருந்தது.

"குளுருதா மாமா அதுக்கு?"

ஞானசேகரன் ஜீரோ பொத்தான்வரை போன விரலை மடக்கிக்கொண்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்தார். எவரையும் தொட விடாத அந்த எஃகுத் தட்டின்மேல், கழுத்தளவுக்கு வரும்படி, மெல்லப் போர்த்தினார்.