அக்காவின் அப்பாவைக் கூப்பிடப் போனேன்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு வந்த முதல் பொங்கல். அதற்கு முந்தின நாள், போகி அன்று சாயங்காலம், மலாக்காவில் காஜா பேராங் என்ற இடத்தில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது பேரப்பிள்ளைகள் என்னைவிட உயரமாகிவிட்டார்கள். இருந்தாலும் சாம்பிராணி வாசம் பட்டால் அந்தச் சாயங்காலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். லயத்தில் இருந்தவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரே நீளக் கூரை, வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டிலிருந்து 'நூறு வயசு' என்று குரல் வரும். அண்ணன் தங்கை சண்டை போட்டால்கூடப் பஞ்சாயத்துக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடிப் பேர் கொடுத்து, பாலுக்கு ரப்பர் மரம் வெட்டி, பால் வாளி சுமந்து வந்தால் உட்கார்ந்து அழக்கூட ஒரு தனி மூலை கிடைக்காது. கொஞ்ச நேரம் தனியாக இருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன். வாய் முகூர்த்தம், பலித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் மலாக்காவில் லோரி ஓட்டினார். சரக்கு ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வரைக்கும் போவார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது காஜா பேராங்கில் ஒரு சின்னப் பலகை வீடு. சுற்றிலும் மலாக்காச் செட்டிமார் வீடுகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாக அந்தப் பெண்களைப் பார்த்தவுடன் மலாய்க்காரர்கள் என்றே நினைத்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அதே பெண்கள் நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஓடிப்போய், "நீங்க தமிழாக்கா?" என்று கேட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே மலாயில் ஏதோ சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்கள் முகம் திருப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. சாமி ஒன்று, விபூதி ஒன்று, பேச்சு மட்டும் இல்லை. வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

எனக்கும் மலாய் தெரியும்தான், தோட்டத்துக் கடை மலாய். அதை வைத்து மீன் வாங்கலாம், மண்ணெண்ணெய் வாங்கலாம். மனசு சரியில்லை என்று சொல்ல அது போதாது. டவுனில் தமிழ்க் குடும்பங்கள் இல்லாமல் இல்லை. வட்டிக்கடைச் செட்டியார் வீடுகளும் ஜவுளிக்கடைக்காரர்களும் இருந்தார்கள். தோட்டத்துப் பெண்ணான எனக்கு அந்தப் படியேறத் துணிச்சல் வரவில்லை.

அப்புறம் அந்தக் களைப்பு வந்தது. வேறு என்ன பெயர் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியாது. மனச்சோர்வு என்ற வார்த்தையெல்லாம் டிவியில் டாக்டர்கள் பேசிக் கேட்டது, அது ரொம்பக் காலம் கழித்து. நிறை வாளியைச் சுமந்து மேடு ஏறியவள், ஒரு தம்ளரைக் கழுவி வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தூங்கினால் தூக்கம் தீராது. எழுந்தால் ஏன் எழுந்தோம் என்றிருக்கும். தலை வாருவது நின்றது. சோறு பொங்குவதும் அவர் வரும் நாளில் மட்டும்தான். ஒருநாள் மீன்காரர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் கரகரவென்று யாரோ பேசுவது மாதிரி ஒரு குரல் வந்தது. என் குரலை நானே கேட்டு அத்தனை நாளாகியிருந்தது. சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஊரே திரண்டு போனபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். வாண வேடிக்கைச் சத்தம் கேட்டது. எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். டானிக் வாங்கி வந்தார். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். அவருக்கு இது பிடிபடவே இல்லை.

"என்னா ஒனக்கு? மரம் வெட்டுற வேல இல்ல, பால் தூக்குற வேல இல்ல. சும்மா படுத்துக் கெடக்குறவளுக்குக் களைப்பு எங்கேருந்து வரும்?"

நியாயமான கேள்வி. கடைசியில் அவரும் அலுத்துப்போய்விட்டார். பொங்கல் முடிந்ததும் லோரியிலேயே கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்தில் அம்மா வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். அப்படிப் போனவள் திரும்பி வருவதில்லை என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வாழாவெட்டி என்று ஒரு பெயர் காத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கூட எனக்கு அழுகை வரவில்லை. சரி என்றேன். எனக்கு அப்போது வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து வீட்டுக்குப் பொதுவாகப் பின்னால் ஒரு கிணறு உண்டு. எல்லோரும் தண்ணீர் எடுத்துப் போன பிறகுதான் நான் போவேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தபடி நெடுநேரம் நிற்பேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

போகியன்று மத்தியானம் கதவு படபடவென்று தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா. நாற்பதை நெருங்கியவர், கட்டை குட்டையாக, வாய் ஓயாதவர். அதுவரை வேலி ஓரம் தலையசைத்ததோடு சரி. 'தங்காச்சி' என்று இழுத்துக் கூப்பிட்டார். அவர்கள் பேச்சில் இப்படி ஒன்றிரண்டு தமிழ் உறவுமுறைகள் மிச்சமிருந்தன. உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. ஒரு வேலை இருக்கிறது, நீ வர வேண்டும் என்றார். முடியாது என்று தலையாட்டினேன். அவர் உள்ளேயே வந்துவிட்டார். என் தலையைப் பார்த்து ஐயையோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிடித்து உட்கார வைத்து, எண்ணெய் தேடி எடுத்து, சிக்கெடுக்க ஆரம்பித்தார். மலாயில் ஒரே திட்டு. பாதி புரியவில்லை. உயிர் போகிற மாதிரி வலித்தது. இன்னொரு மனுஷியின் கை என் தலையில் பட்டு எத்தனை மாசமாயிற்று என்று நினைத்தேன். எழுந்து போகச் சொல்ல மனசு வரவில்லை.

வாரிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். நான் விழிக்கும்போதெல்லாம் நிறுத்தி, சின்னச் சின்ன மலாய் வார்த்தையாக மாற்றிச் சொன்னார். போகியன்று அவர்கள் வீடுகளில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள் அதை. வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் சொல்லி, சாப்பிட வரும்படி அழைக்க வேண்டும். அக்காவின் அப்பா, இவர்களைப் போல இங்கே பிறந்தவர் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர். அக்காவின் அம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் அம்மாவின் பாஷையில் வளர்ந்தார்கள். அவரோடு தமிழ் பேச ஒரே ஒரு சிநேகிதர் இருந்தார். அவரும் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு அப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை விட்டார். பிறகு சாப்பாட்டை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், என்ன வியாதி என்று எந்த வைத்தியருக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

"வருஷா வருஷம் நான் மலாயில்தான் கூப்பிடுகிறேன். அவர் வருகிறாரோ இல்லையோ. இந்த வருஷம் நீ கூப்பிடு" என்றார். சொல்லும்போது சீப்பு என் தலையில் அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் போனேன். உள்ளறையில் படங்களுக்கு முன்னால் வாழையிலைகள் வரிசையாகப் போட்டிருந்தன. தேங்காய்ப்பால் சோறு, மீன் குழம்பு, மிளகாய்ச் சம்பால், விதவிதமான பலகாரங்கள். சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. அக்காவின் அண்ணன் மலாயில் ஒவ்வொருவராக அழைத்து வந்தார். கோட்டுப் போட்ட ஒரு ஒல்லியான மனிதரின் படம் வந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன சொல்வது? நான் பூசாரியா? வீட்டுக்கு வந்த மனிதரை எப்படிக் கூப்பிடுவோமோ அப்படியே கூப்பிட்டேன்.

"ஐயா, வாங்கய்யா. எல போட்டிருக்கு. ஒங்க மக ஆசையா ஆக்கி வச்சிருக்கு. வந்து சாப்பிடுங்க."

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மாசக்கணக்கில் அடைத்துக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"ஒங்களுக்கும் பேச ஆள் இல்லாமப் போச்சாமேய்யா. எனக்கும் அப்படித்தான். வாய் இருந்தும் ஊமையாட்டம் கெடக்குறேன். அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. எனக்கு அதுவும் வேணாம், இதுவும் வேணாம்னு இருக்கு. கெணத்தப் பாத்தா உள்ள போயிரலாமான்னு இருக்குய்யா..."

கிணற்றைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அறையில் உயிரோடு இருந்தவர்களில் ஒருவருக்கும் அது புரியாது. அதனால்தான் சொல்ல முடிந்தது. எவ்வளவு நேரம் பேசினேனோ, ஏங்கி ஏங்கி அழுதேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. கைகூப்பியபடியே நின்றிருந்தார்கள்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். இறந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம், பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாதாம். எனக்கு வெட்கமாக இருந்தது. முற்றத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக மலாயில் சொன்னார். நாளையிலிருந்து கிணற்றுக்குத் தனியாகப் போகாதே, நான் வாளியைத் தட்டுவேன், சேர்ந்து போகலாம். என் சமையலறை ஜன்னல் கிணற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது என்றார்.

இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அப்பாவைச் சுவர்ப்பக்கம் திரும்பவிட்ட பெண் அது. இரண்டாவது ஆளை விடுவதாக இல்லை.

கதவைத் தட்டித் திறந்து, படைத்ததை எல்லோருமாகச் சாப்பிட்டோம். சம்பால் காரம் கண்ணில் நீர் வரவைத்தது. நான் கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டேன்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பொங்கல் அன்று பெரும்பாலும் படுத்தேதான் கிடந்தேன். ஆனால் காலையில் வேலியில் வாளி தட்டும் சத்தம் டங்கென்று கேட்டது. திட்டிக்கொண்டே எழுந்து போனேன். அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் லோரியோடு வந்து பையைக் கட்டச் சொன்னபோது அக்கா வாசலில் வந்து நின்றுகொண்டார். பழக் காலத்தில் இன்னொரு படையல் இருக்கிறது, அதற்கும் இவள்தான் கூப்பிட வேண்டும், அதனால் அனுப்ப முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"என்னாடி சொல்றாங்க? நீ இல்லாட்டி அவங்க அப்பாவுக்குச் சோறு எறங்காதாமா?"

"ஆமா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும் லேசாகச் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் பையைக் கீழே வைத்துவிட்டார்.

பொழுது போகாத மத்தியானங்களில் நான் அந்த வீட்டுக்குப் போய் அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தமிழில் பேசுவேன். விலைவாசி, மழை, வயிற்றில் பிள்ளை தங்கியது, எல்லாம் சொல்வேன். அந்த வீட்டில் ஒருவர்கூட அதை விசித்திரமாக நினைக்கவில்லை. பேசு, அவருக்கும் பொழுது போகும் என்று சொல்லிவிட்டு அக்கா மிளகாய் அரைக்கப் போய்விடுவார். அந்தக் களைப்பு அதற்குப் பிறகும் வந்திருக்கிறது. முதல் பிரசவத்துக்குப் பின் ஒருமுறை, வீட்டுக்காரர் காலமான பிறகு ஒருமுறை. வந்தால் கதவைச் சாத்தக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

வருஷங்கள் ஓடி, அக்காவும் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த போகிக்கு அவர் மகள் என்னைக் கூப்பிட்டாள். அக்காவின் அப்பாவை வழக்கம்போலத் தமிழில் அழைத்தேன். பக்கத்தில் புதிதாக ஓர் இலை. அதற்கும் நீங்களே கூப்பிடுங்கள் என்றாள் மகள். என் மலாய் இன்றைக்கும் மீன் வாங்குகிற மலாய்தான். "அக்கா, மாரி மாக்கான்" என்றேன், வாங்க, சாப்பிடலாம் என்று.

அப்பாவைக் கூப்பிட ஆள் வேண்டியிருந்தது, அதனால்தான் உன்னைக் கூட்டிப் போனேன் என்று அக்கா கடைசிவரை சாதித்துக்கொண்டிருந்தார். அந்த ஐயா அன்று வந்து சாப்பிட்டாரோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சாயங்காலம் எங்கேயோ தொலைவிலிருந்து ஒருத்தி திரும்பி வந்து அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.